மறதி நோய் உள்ள பெரியவருக்குக் கைப்பொம்மை தைப்பது குறித்து

உங்கள் மாமியாருக்கு வயது 79, அல்சைமர் நோய் நடுக்கட்டத்தில் இருக்கிறது, ஓய்வுபெற்ற ஆரம்பப் பள்ளி ஆசிரியை, பேச்சு வெகுவாகக் குறைந்துவிட்டது, பொழுது சாயும் நேரத்தில் "வீட்டுக்குப் போகணும்" என்று கூடத்துக்கும் வாசலுக்குமாக நடக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். வெளிநாட்டு முதியோர் இல்லம் ஒன்றின் காணொளியில், செவிலியர் ஒருவர் துணிப் பொம்மையைக் கையில் மாட்டிக்கொண்டு பேச, மூதாட்டி ஒருவர் சிரித்துப் பதில் சொல்வதைப் பார்த்துவிட்டு, தையல் தெரிந்த நீங்கள் அப்படி ஒன்றை வீட்டிலேயே செய்ய என்ன துணி, என்ன அளவு என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில், அம்மாவுக்குப் பொம்மை கொடுப்பது அவரைக் குழந்தையாக்குவது என்று உங்கள் கணவர் சங்கடப்படுவதாகவும் சேர்த்திருக்கிறீர்கள். ஆகவே இதில் இருப்பவை மூன்று கேள்விகள்: இதனால் பயன் உண்டா, இது அவருடைய மரியாதையைக் குறைக்குமா, செய்வதென்றால் எப்படிச் செய்வது. தையலைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன். ஏனென்றால் முதல் இரண்டு கேள்விகளுக்கான விடையில் பெரும் பங்கு பொம்மையின் அமைப்பிலேயே அடங்கியிருக்கிறது.

நான் ஆக்குபேஷனல் தெரபி, அதாவது அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சை, படித்தவள். மறதி நோய் உள்ளவர்களுக்கான பகல்நேரப் பராமரிப்பு மையத்திலும், அவர்களுடைய வீடுகளிலும் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். மருத்துவர் அல்ல. உங்கள் மாமியாரை நேரில் பார்க்காமல், அவருக்கு இது ஒத்துப்போகும் என்று என்னால் உறுதி கூற முடியாது. அந்த வரம்புக்குள் நின்றுதான் எழுதுகிறேன்.

முதலில் இரண்டு வகைப் பொம்மைகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். நோயுற்றவர் தாமே மடியில் வைத்து அணைத்துக்கொள்ளும் பொம்மை ஒரு வகை. பராமரிப்பவர் தம் கையை உள்ளே நுழைத்து இயக்கும் பொம்மை இன்னொரு வகை. முதல் வகை அவர் தனியே இருக்கும்போதும் அவரோடு இருக்கும். இரண்டாவது, உங்கள் கை உள்ளே இருக்கும்போது மட்டுமே உயிருள்ளதாகத் தெரியும். நீங்கள் காணொளியில் கண்டது இரண்டாவது வகை. தைக்கத் தொடங்குபவர்கள் பலர் இரண்டையும் கலந்து, மடியில் வைத்தால் தலை சாய்ந்து விழுகிற, கையில் மாட்டினால் கழுத்து திரும்பாத ஒன்றைச் செய்துவிடுகிறார்கள். நம் பொம்மலாட்டப் பொம்மைகளும் இதற்கு முன்மாதிரி ஆகமாட்டா. அவை கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, நூலும் கம்பியும் கொண்டு மேலிருந்து ஆட்டப்படுபவை. பத்து கிலோ எடை உள்ளவைகூட உண்டு. ஆட்டுபவர் திரைக்குப் பின்னால் மறைந்து நிற்பது அந்தக் கலையின் அடிப்படை. இங்கே நீங்கள் மறையவே கூடாது. உங்கள் முகமும் பொம்மையின் முகமும் பக்கத்தில் பக்கத்தில் அவருக்குத் தெரிய வேண்டும்.

பயன் உண்டா என்ற கேள்விக்கு உறுதியாகச் சொல்லக்கூடியது இது: எந்தப் பொம்மையும் இழந்த நினைவை மீட்காது, நோயின் போக்கை மாற்றாது. விற்பவர்கள் அப்படிச் சொன்னால் நம்ப வேண்டாம். பொம்மையால் பதற்றம் தணிகிறது, முகம் மலர்கிறது, பேச்சு சற்றுக் கூடுகிறது என்று சொல்லும் ஆய்வுகள் இருக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை சிலரை மட்டும் வைத்துச் செய்த சிறிய ஆய்வுகள், அவையும் மடியில் வைக்கும் பொம்மையைப் பற்றியவை. கைப்பொம்மையைத் தனியே எடுத்து ஆராய்ந்தவை இன்னும் குறைவு. இதற்கு அருகில் வரும் பெரிய ஆய்வு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்து 2017இல் வெளியானது. ஜப்பானில் உருவான, சீல் குட்டி வடிவில் உள்ள பாரோ என்னும் ரோபோவை 28 பராமரிப்பு இல்லங்களில் 415 பேரிடையே சோதித்தார்கள். ஒரு பிரிவினருக்கு இயங்கும் ரோபோ, ஒரு பிரிவினருக்கு அதே சீல் குட்டி இயக்கம் நிறுத்தப்பட்டு வெறும் பஞ்சுப் பொம்மையாக, மூன்றாம் பிரிவினருக்கு வழக்கமான பராமரிப்பு மட்டும். ரோபோ பெற்றவர்கள் பொம்மை பெற்றவர்களைவிட அதிகம் பேசினார்கள், அதிகம் கவனித்துப் பார்த்தார்கள். ஆனால் உணர்ச்சியே தெரியாமல் இருக்கும் முகநிலை, அசையாத பொம்மை பெற்றவர்களிடமும் வழக்கமான பராமரிப்பில் இருந்தவர்களைவிடக் குறைந்தது. பதற்றத்தை அளக்க எல்லோரும் பயன்படுத்தும் அளவுகோலில் பார்த்தபோதோ, மூன்று பிரிவுகளுக்கும் இடையே வேறுபாடு காணப்படவில்லை. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இரண்டு. அணைக்கத்தக்க ஒரு பொருள் கையில் இருப்பதாலேயே சிறிது நன்மை கிடைக்கலாம். அது அசைந்து, பார்த்து, எதிர்வினை தந்தால் பேச்சும் கவனமும் கூடலாம். கைப்பொம்மையில் அந்த அசைவைத் தருவது உங்கள் மணிக்கட்டு. பல ஆயிரம் டாலர் ரோபோவின் ஆய்வு முடிவை வீட்டில் தைத்த பொம்மைக்கு அப்படியே பொருத்திவிட முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அப்படியானால் ஏன் முயல வேண்டும் என்றால், தீங்கின் அளவு மிகக் குறைவு என்பதால்தான். பதற்றத்துக்காகத் தரப்படும் சில மனநோய் மருந்துகள் மறதி நோய் உள்ள முதியவர்களிடம் இறப்பு ஆபத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இல் எச்சரித்தது. சிகிச்சை முறைகளுக்கு வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், பதற்றத்துக்கு முதலில் மருந்தில்லா வழிகளையே நாடச் சொல்கிறது. இதைப் படித்துவிட்டு ஏற்கெனவே தருகிற மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அது மருத்துவரோடு பேசி முடிவு செய்ய வேண்டியது.

உங்கள் கணவரின் சங்கடத்தை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. பிரிட்டனின் பிராட்ஃபோர்டில் பணியாற்றிய உளவியலாளர் டாம் கிட்வுட், 1990களில், மறதி நோய் உள்ளவரின் மதிப்பைச் சிதைக்கும் நடத்தைகளைப் பட்டியலிட்டபோது, பெரியவரைக் குழந்தையாக நடத்துவதையும் ஏமாற்றுவதையும் அதில் சேர்த்தார். கையில் பொம்மையைத் திணித்து, கொஞ்சும் குரலில் "பாப்பா பாருங்க" என்று சொன்னால், கணவர் சொல்வதுதான் நடக்கும். கைப்பொம்மையை வேறு விதமாக நிறுத்த முடியும்: தெரியாமல் நிற்பதும் உதவி கேட்பதும் பொம்மை, சொல்லித் தருபவரும் உதவுபவரும் உங்கள் மாமியார். நாள் முழுவதும் பிறர் குளிப்பாட்டி, ஊட்டி, மருந்து கொடுத்து, எல்லாவற்றையும் பெற்றுக்கொள்ளும் இடத்திலேயே அவர் இருக்கிறார். கொடுப்பவராக இருக்கும் பத்து நிமிடம் அவருக்குப் பொம்மையால் கிடைக்குமானால், அது அவர் மரியாதையைக் கூட்டுகிறது என்றே நான் நினைக்கிறேன். இது என் அனுபவத்தின் முடிவு. அளந்து நிறுவப்பட்ட உண்மை என்று சொல்லமாட்டேன்.

இதனால்தான் துணி வாங்குவதற்கு முன், பொம்மை யார் என்பதை முடிவு செய்யச் சொல்வேன். ஆசிரியைக்குக் கைக்குழந்தை வேண்டாம். ஆறேழு வயதுப் பள்ளிச் சிறுமி பொருந்துவாள். இரட்டைச் சடை, நீலப் பாவாடை, வெள்ளைச் சட்டை, கையில் சிலேட்டு. ஐந்தாறு பிள்ளைகளை வளர்த்ததையே தன் வாழ்வாக நினைக்கும் பாட்டிக்குக் குழந்தை சரியாக இருக்கலாம். மாடு கன்றோடு வாழ்ந்த பெரியவரிடம் மனித முகத்தை விடக் கன்றுக்குட்டி எளிதில் போய்ச் சேரும். ஆண்கள் பொம்மையை ஏற்கமாட்டார்கள் என்பது பொதுவான எண்ணம். நாய்க்குட்டியாக இருந்தால் மறுப்பவர்கள் குறைவு என்பதைக் கண்டிருக்கிறேன்.

அளவுக்கு வருவோம். உச்சி முதல் பாதம் வரை 55 முதல் 65 செ.மீ. இருக்கட்டும். இதைவிடச் சிறியதாக இருந்தால் கண்பார்வை மங்கியவருக்கு முகம் தெரியாது. பெரியதாக இருந்தால் உங்கள் தோள் ஐந்தே நிமிடத்தில் வலிக்கும், சிலருக்கு அச்சமும் உண்டாகும். தலையின் சுற்றளவு 40 செ.மீ. அளவில் போதும். எடையைப் பகிர்ந்து வைப்பது மிக முக்கியம்: தலை எவ்வளவு இலேசோ அவ்வளவு நல்லது, பொம்மையின் பின்பக்க அடிப்பகுதியிலும் பாதங்களிலும் சேர்த்து 400 கிராம் அளவுக்குக் கனம் வைத்தால், பொம்மை அவர் மடியிலோ மேசை விளிம்பிலோ அமரும்போது ஒரு பிள்ளை அமர்ந்திருப்பதுபோல் நிலைக்கும். கார்டிஃப் மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழகத்தில் கேத்தி ட்ரெடவே குழுவினர், மறதி நோய் முற்றிய நிலையில் இருப்பவர்கள் அணைத்துக்கொள்வதற்காக ஹக் என்ற பொம்மையை வடிவமைத்தபோது, மார்புக்குள் இதயத் துடிப்பையும் பாட்டையும் வைத்ததோடு கை கால்களுக்கும் கனம் கொடுத்தார்கள். அணைக்கும்போது அந்தக் கைகள் நம்மையும் திரும்ப அணைப்பதுபோல் விழுகின்றன. கனத்துக்கு அரிசி, கேழ்வரகு, புளியங்கொட்டை எதையும் போட வேண்டாம். துவைக்க முடியாது, பூச்சி பிடிக்கும், தையல் பிரிந்தால் வாய்க்குப் போகும். மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் கூழாங்கற்களைக் கழுவிக் காயவைத்து, நெருக்கமாக நெய்த காடாத் துணியில் பைபோல் தைத்து, அதை இன்னொரு பையில் போட்டுத் தைத்து, இரண்டு உறைக்குள் வையுங்கள். இரும்பு நட்டு, வாஷர் துருப்பிடிக்கும்.

முகத்துக்கும் கைகளுக்கும் பனியன் துணி, அதிலும் சற்றுத் தடித்த இன்டர்லாக் வகை, மிகப் பொருத்தம். துணியின் இழுபடும் திசை தலையைச் சுற்றி வருமாறு வெட்டினால் கன்னம் உருண்டு வரும். நீளவாக்கில் வந்தால் முகம் குதிரை முகமாக நீண்டுவிடும். வெட்டுவதற்கு முன் இருமுறை வெந்நீரில் துவைத்துச் சுருங்கவும் சாயம் போகவும் விட்டுவிடுங்கள். நிறம் உங்கள் வீட்டு மனிதர்களின் நிறமாகவே இருக்கட்டும். வெளிறிய வெள்ளை முகம் மங்கிய வெளிச்சத்தில் பேய்முகமாகத் தெரியும். உடைக்குப் பூவும் புள்ளியும் நிறைந்த துணியைத் தவிர்ப்பது நல்லது. காட்சியைப் புரிந்துகொள்ளும் மூளைப்பகுதி பாதிக்கப்பட்டவருக்குச் சிறு புள்ளிகள் எறும்பு ஊர்வதாகத் தோன்றலாம், அவர் அதைத் தட்டிவிட்டுக்கொண்டே இருப்பார். வயதானவர்களின் கண்வில்லை மஞ்சள் படிவதால் நீலமும் பச்சையும் அவர்களுக்குப் பிரித்தறியக் கடினம். சிவப்பு, மஞ்சள் போன்றவை எளிதில் தெரியும். மேலே சொன்ன பள்ளிச் சீருடை நீலத்தைக்கூட, நல்ல அழுத்தமான நீலமாக எடுத்து வெள்ளைச் சட்டைக்கு எதிராக வைத்தால்தான் தெரியும்.

உள்ளே அடைக்க, தலையணைக் கடைகளில் கிடைக்கும் ஃபைபர் பஞ்சு போதும். இலவம்பஞ்சு தொட்டால் இதமானது, ஆனால் ஒருமுறை துவைத்தால் கட்டி கட்டியாகிவிடும். இழைகள் பறப்பதால் இருமல், ஆஸ்துமா உள்ளவருக்கு ஆகாது. சோபா ஸ்பாஞ்சில் தலையைச் செதுக்குவது பொம்மைக் கலைஞர்களின் வழக்கம். நம் ஐப்பசி மழையில் அது காயாமல் பூஞ்சை பிடிக்கும் என்பதால் வீட்டுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. தலையை இரண்டு அடுக்காகத் தையுங்கள்: உங்கள் கை நுழையும் உறை உள்ளே, முகம் வெளியே, நடுவில் பஞ்சு. உறையின் வாய் பொம்மையின் பிடரிக்குக் கீழே திறந்து, சட்டையின் முதுகுப் பக்கமாக உங்கள் முழங்கை வரை மறையுமாறு 30 செ.மீ. நீளம் வரட்டும். உறை தொளதொளப்பாக இருந்தால் தலை உங்கள் கையைவிட்டுத் தனியே ஆடும். உங்கள் கையை வைத்தே அளவெடுங்கள், ஏனெனில் பெரும்பாலும் இதை இயக்கப்போவது நீங்கள்தான்.

கண்ணில் அவசரப்பட வேண்டாம். முகத்தில் மற்ற எல்லாம் சுமாராக இருந்தாலும், பார்வை சரியாக விழுந்தால் பொம்மை பேசத் தொடங்கிவிடும். பட்டனோ பாசியோ பிளாஸ்டிக் கண்ணோ வேண்டாம். பிய்த்து வாயில் போடக்கூடியவை அவை. வெள்ளைத் துணியில் 3 செ.மீ. அளவில் கண் வெட்டி, கருவிழியை நெருக்கமான நூல்வேலையில் நிரப்புங்கள். கருவிழிகள் இரண்டும் சரிநடுவில் இருந்தால் பொம்மை சுவரை வெறித்துப் பார்ப்பதாகத் தோன்றும். இரண்டையும் ஒரு நூலளவு மூக்குப் பக்கம் தள்ளினால், அரை மீட்டர் தொலைவில் இருப்பவரை நேராகப் பார்க்கும். அமெரிக்கத் தொலைக்காட்சியில் புகழ்பெற்ற மப்பெட் கைப்பொம்மைகளை வடிவமைத்த டான் சாலின், கண்களும் மூக்கும் சேரும் முக்கோணத்தில் பெரும் கவனம் செலுத்தியதும் இதற்காகத்தான். நூலில் தைப்பதற்கு முன் கறுப்புக் காகிதத்தில் கருவிழி வெட்டி, குண்டூசியால் குத்தி, எதிரே ஒருவரை உட்காரவைத்து, "உங்களைப் பார்க்கிறதா?" என்று கேட்டுக் கேட்டு நகர்த்துங்கள், முடிந்ததும் ஊசிகளை எண்ணி எடுத்துவிடுங்கள். கருவிழியின் மேல்பக்கம் ஒரே ஒரு வெள்ளைத் தையல் விழட்டும். மூடிய கண் வேண்டாம். அழகாகத்தான் இருக்கும், ஆனால் எத்தனை முறை எழுப்பினாலும் எழாத பிள்ளையைக் கண்டு அவர் கலங்கிவிடக்கூடும். கண்ணீர்த் துளி தைப்பதையும் அதே காரணத்துக்காகத் தவிருங்கள்.

வாய் அசையுமாறு வைக்கலாம், வைக்காமலும் விடலாம். உங்கள் மாமியாருக்குக் காது நன்றாகக் கேட்கிறது என்றால் அசையும் வாய் பயன்படும். மேலண்ணத்தில் நான்கு விரலும் கீழ்த்தாடையில் கட்டைவிரலும் நுழையும் சிறு பைகளை வைத்து, நடுவில் மடியும் நீள்வட்டத் தட்டு ஒன்று வேண்டும். அட்டை நனைந்தால் கெட்டுவிடும் என்பதால் எழுதுபொருள் கடையில் கிடைக்கும் மெல்லிய ஃபோம் ஷீட்டை எடுத்து, உட்புறம் அரக்குச் சிவப்புத் துணியால் மூடுங்கள். பேசும்போது கட்டைவிரல் கீழே இறங்க வேண்டுமே தவிர, தலை மேலே தூக்கக் கூடாது. இந்த ஒன்றைக் கண்ணாடி முன் சில நாள் பழக வேண்டியிருக்கும். உதடு சிரிப்பாகவும் இல்லாமல் சோகமாகவும் இல்லாமல் இருக்கட்டும். எப்போதும் பல்லைக் காட்டிச் சிரிக்கும் முகம், அவர் அழும் நேரத்தில் கேலி செய்வதாகத் தோன்றும். செவித்திறன் குறைந்தவருக்கு வாயே அசையாத பொம்மை மேல்: அது உங்கள் காதில் ஏதோ சொல்லும், நீங்கள் அதை அவரிடம் நிதானமாக, முகம் பார்த்துச் சொல்வீர்கள்.

கைகளைத்தான் வீட்டில் தைப்பவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுகிறார்கள். ஐரோப்பியக் கைப்பொம்மைகள் சிலவற்றில் பொம்மையின் கையே கையுறையாக இருக்கும். இயக்குபவர் தம் மற்றொரு கையை அதற்குள் நுழைத்துக்கொள்வார். அதை அவசியம் செய்யுங்கள். வலக்கை தலைக்குள் இருக்கும்போது, உங்கள் இடக்கை சட்டையின் ஓரமாகப் பொம்மையின் கைக்குள் போகட்டும். மாமியார் பொம்மையின் கையைப் பிடிக்கும்போது அவர் உணர்வது உள்ளே இருக்கும் உங்கள் விரலின் வெதுவெதுப்பையும் பதிலுக்கு அழுத்துவதையும்தான். ஐந்து விரல் தைப்பது கடினம் என்றால், கட்டைவிரல் ஒன்றும் மற்றவை சேர்ந்த ஒன்றுமாகப் போதும். பொம்மையின் மற்றொரு கையில் பஞ்சு அடைத்துவிடலாம்.

தலைமுடிக்குப் பருத்தி நூல்கண்டு எடுத்து, வகிட்டில் வரிசையாகப் பின் தையல் போட்டு இறுக்குங்கள். பசை போட்டு ஒட்ட வேண்டாம். சடை பின்னும் அளவுக்கு நீளம் விடச் சொல்வது அலங்காரத்துக்காக அல்ல. பெயரும் தேதியும் மறந்துபோன பிறகும் கை பழகிய வேலைகள் நெடுநாள் தங்கும். மூன்று கால் எடுத்துப் பின்னுவது, பொத்தான் மாட்டுவது, துணி மடிப்பது ஆகியவை அப்படிப்பட்டவை. சட்டைக்குப் பெரிய துணிப் பொத்தான்கள் வைத்து, துணியோடு துணியாக மூன்று மடங்கு தைத்துவிடுங்கள். ரிப்பன் தனியே அவிழ்ந்து வராமல் நடுவில் தையல் போட்டு, கழுத்தைச் சுற்றும் நீளம் இல்லாமல் குட்டையாக வெட்டுங்கள். சலங்கை வைக்க ஆசைப்பட்டால் பாதத்தின் உள்ளே, பஞ்சுக்கு நடுவே வையுங்கள். குழந்தைகளுக்கான விளையாட்டுப் பொருள்களின் பாதுகாப்புக்கு நம் நாட்டில் ஐ.எஸ். 9873 தரநிலை இருக்கிறது, 31.7 மி.மீ. விட்டமுள்ள குழலுக்குள் முழுதாக அடங்கிவிடும் எந்தத் துண்டையும் மூன்று வயதுக்குட்பட்டவருக்கு ஆபத்து என்று இத்தகைய தரநிலைகள் கருதுகின்றன. பெரியவரின் தொண்டை அகலமானது என்பதால் அதைக் குறைந்தபட்ச எல்லையாக மட்டும் எடுத்துக்கொண்டு, பிய்த்தால் வரக்கூடியது எதுவுமே இல்லாமல் செய்துவிடுவது நல்லது. தைத்து முடித்ததும் கண், முடி, பொத்தான் எல்லாவற்றையும் முழு பலத்தோடு இழுத்துப் பாருங்கள்.

வாசனைக்காக மெனக்கெட வேண்டாம். அல்சைமரில் முகரும் திறன் ஆரம்பத்திலேயே குறைந்துவிடுகிறது. பூச்சிக்காகப் பொம்மையை அந்துருண்டையோடு பீரோவில் வைப்பதைக் கண்டிப்பாகத் தவிருங்கள். அது நஞ்சு, பார்வைக்கு மிட்டாய்போல் இருப்பது.

பொம்மை தயாரானதும் அதைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுக்காதீர்கள். காலை உணவு முடிந்து அவர் தெளிவாக இருக்கும் நேரத்தில், அவருக்கு நேர் எதிரே, அவர் கண்மட்டத்துக்குத் தாழ்ந்து அமர்ந்து, பொம்மையை உங்கள் மடியில் வைத்து நீங்கள் மட்டும் அதோடு பேசிக்கொண்டிருங்கள். பொம்மை முதலில் உங்களைப் பார்க்கட்டும், பிறகு வெட்கத்தோடு அவரைப் பார்க்கட்டும், மறுபடி உங்கள் தோளில் முகம் புதைக்கட்டும். அவர் கை நீட்டினாலோ, உதட்டை அசைத்தாலோ, "யாரு இது?" என்று கேட்டாலோ அதன் பிறகு பொம்மை பேசலாம். "டீச்சர், எனக்குச் சடை அவிழ்ந்துபோச்சு, பின்னி விடுறீங்களா?" போன்ற கேள்விகள் நல்லவை, அவர் பதில் சொல்லாமல் கையால் செய்தாலே போதும். "நான் யாரு, என் பேரு என்ன, இன்னைக்கு என்ன கிழமை?" என்பவை தேர்வுக் கேள்விகள், அவற்றைப் பொம்மை கேட்கவே கூடாது. சிலேட்டில் 'அ' வை நீங்கள் பொம்மையின் கையால் கோணலாக எழுதினால், அவர் திருத்துவாரா என்று பாருங்கள். திருத்தாவிட்டால் பொம்மை தானே அழித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போகட்டும். பத்து நிமிடத்தில் பொம்மை அவரிடம் சொல்லிக்கொண்டு கிளம்ப வேண்டும். அவர் கண் முன்னே கையை உருவிவிட்டு ஆணியில் தலைகீழாகத் தொங்கவிடுவதைப்போல் அவரைத் திடுக்கிட வைப்பது வேறில்லை. இதைக் காணொளியாக்கிக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவதையும் தவிருங்கள். உங்கள் கணவரின் அச்சத்துக்கு உண்மையான காரணமாக அதுவே அமைந்துவிடும்.

அவர் "இது நிஜப் பிள்ளையா?" என்று நேராகக் கேட்டால் பொய் சொல்லாதீர்கள், "பொம்மைதான், பிடிச்சிருக்கா?" என்று சொன்னால் பெரும்பாலானவர்கள் ஏற்றுக்கொண்டு விளையாட்டைத் தொடர்கிறார்கள். கேட்காமல் அவராகவே பிள்ளையாக நடத்தினால், வலியப்போய் மறுக்கவும் வேண்டாம். இதில் துறைக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. கேட்ட கேள்விக்கு உண்மை, கேட்காததற்கு மௌனம் என்பது என் நிலை.

மாலை நேரத்துப் பதற்றத்துக்கு இதை மருந்துபோல் எடுத்து நீட்ட வேண்டாம். அந்த நேரத்தில் "வீட்டுக்குப் போகணும்" என்பதற்கு அடியில் சிறுநீர் முட்டுவது, பசி, முழங்கால் வலி, களைப்பு, நிழல் நீளும் அறை என்று எதுவும் இருக்கலாம். இருட்டும் முன்பே விளக்குகளைப் போட்டு, கழிப்பறைக்கு அழைத்துச் சென்று, ஏதாவது சாப்பிடக் கொடுத்த பிறகு, பதற்றம் தொடங்கும் நேரத்துக்கு முன்னதாகவே பொம்மையைக் கொண்டுவந்தால் சில நாள் உதவும், சில நாள் உதவாது. பதற்றம் உச்சத்தில் இருக்கும்போது கொண்டுவரும் பொம்மை பெரும்பாலும் தூக்கி எறியப்படும். பொம்மைக்கு முன் எப்படி இருந்தார், பின் எப்படி இருந்தார் என்று இரண்டே வரி ஒரு நோட்டில் எழுதி வாருங்கள்; மூன்று வாரத்துக்குப் பிறகு அதைப் படித்தால், தொடரலாமா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

யாருக்குச் செய்யக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இல்லாத ஆட்களும் பிள்ளைகளும் கண்ணுக்குத் தெரியும் லூயி பாடி வகை மறதி நோய் உள்ளவரிடம் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். நரம்பியல் மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்குச் சிறுமிப் பொம்மை பழைய துயரத்தைக் கிளறலாம். உங்கள் மாமியாருக்கு அப்படி ஒன்று நேர்ந்ததா என்பது உங்கள் கணவருக்கே தெரியாமல் இருக்கக்கூடும், அவருடைய உடன்பிறந்தவர்கள் இருந்தால் கேளுங்கள். துணிப் பொம்மை என்றதும் செய்வினை நினைவுக்கு வந்து நடுங்கும் பெரியவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். முகம் வரையாத பாதிப் பொம்மையை அவர் கண்ணில் படும்படி வைக்காதீர்கள். பொம்மைக்குப் பசிக்குமே என்று தன் சோற்றை ஒதுக்குவது, அதைக் காக்க இரவில் தூங்காமல் இருப்பது போன்றவை தென்பட்டால் உடனே நிறுத்துங்கள். ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் கூடினால் அதற்குப் பொம்மை எதுவும் செய்யாது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், மருந்து மாற்றம் ஆகியவற்றைப் பார்க்க மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

துவைப்பதற்கு வசதியாக உடையையும் கனப் பைகளையும் கழற்றும்படி வைத்து, வாரம் ஒருமுறை வெந்நீரில் சோப்புப் போட்டு அலசி, வெயிலில் முழுக்கக் காயவையுங்கள். காயும் நாளில் அவர் தேடினால் என்ன செய்வது என்ற சிக்கல் வரும் என்பதால், தொடக்கத்திலேயே இரண்டு பொம்மைக்கான துணியைச் சேர்த்து வெட்டிவிடுவது நல்லது. முதல் முகத்தின் கண்கள் சரியாக அமைந்ததும், தைப்பதற்கு முன் மெல்லிய தாள் வைத்து அவற்றின் இடத்தைப் படியெடுத்துக்கொள்ளுங்கள். பனியன் துணியில் அதே நிறம் அடுத்த முறை கடையில் கிடைப்பது அரிது.